சுவரில் கொழுந்துக்கூடை, பொட்டலில் காமன்: மலையகக் கலை பாடசாலைக்குள் வருவது எப்படி?

தோட்டப் பாடசாலை ஒன்றுக்குப் புதுச்சாயம் பூசும் பேச்சு எழுந்தால், கூடவே 'பூர்வகுடிக் கலை', 'மரபுக் கலை', 'பிள்ளைநேயச் சூழல்' போன்ற சொற்களும் வந்து சேர்கின்றன. உதவி நிறுவனத்தின் திட்ட அறிக்கையிலும் அவை இருக்கும், பழைய மாணவர் சங்கத்தின் கூட்டக் குறிப்பிலும் இருக்கும். ஆனால் கடைசியில் சுவரில் ஏறுவது பெரும்பாலும் ஒரே படம். சிவப்புச் சேலை, முதுகில் கூடை, விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும், முகம் கொள்ளாத சிரிப்பு.

இது யாருடைய கலை? பூர்வகுடி என்ற சொல் மலையகத் தமிழருக்குப் பொருந்துமா? சுவரில் படம் இருந்தால் பிள்ளைக்குப் பாடசாலை நெருக்கமாகிவிடுமா? பெற்றோரும் இளம் ஆசிரியர்களும் கேட்கிற கேள்விகள் இவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சொல்

பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007 இல் நிறைவேற்றியது. பூர்வகுடி யார் என்று அது வரையறுக்கவில்லை. வெளியார் வந்து குடியேறுவதற்கு அல்லது ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்பே ஒரு நிலத்தில் வாழ்ந்து, அந்த நிலத்தோடு தொடர்ந்து உறவு வைத்திருப்பவர்கள் என்பதே நடைமுறையில் கொள்ளப்படும் பொருள். அந்தப் பிரகடனத்தின் 15 ஆவது உறுப்புரை நமக்கு முக்கியம். தங்கள் பண்பாட்டின், மரபின், வரலாற்றின் கண்ணியம் கல்வியில் உரியபடி வெளிப்பட வேண்டும் என்பதைப் பூர்வகுடிகளின் உரிமையாகவே அது சொல்கிறது.

இலங்கையில் இந்தப் பொருளில் பூர்வகுடி என்றால் வேடர்கள். மலைநாட்டின் கிழக்குச் சரிவு இறங்கி முடியும் மகியங்கனைப் பக்கம் தம்பானையில் அவர்கள் வாழ்கிறார்கள். கிழக்கே வாகரைப் பக்கம் வாழும் கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள். சாம்பலைக் குழைத்துப் பாறையில் வரைந்த குகை ஓவியங்கள் வேடர் மரபில் உண்டு. மலையகப் பாடசாலைச் சுவர் ஒன்றில் 'இலங்கையின் பூர்வகுடிக் கலை' என்று எழுதுவதானால் அதன் கீழே இருக்க வேண்டியது அதுதான். அதையும் வேடர்களைக் கேட்டுத்தான் வரைய வேண்டும்.

மலையகத் தமிழரின் கதை வேறு. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் இவர்கள். அந்த வருகையின் 200 ஆவது ஆண்டு 2023 இல் நினைவுகூரப்பட்டது. ஆகவே ஐ.நா. சொல்லும் பொருளில் இவர்கள் பூர்வகுடி அல்லர், அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லை. 15 ஆவது உறுப்புரை கேட்கும் நியாயத்தை மலையகப் பிள்ளைக்கும் கேட்கலாம். அதற்காக இன்னொருவருடைய பெயரைக் கடன் வாங்க வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையில் மலையகக் கலை என்றே சொல்வோம்.

இந்தப் பேச்சு பிறந்த இடங்கள்

கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்துவைக்கும் வழக்கம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அப்படிக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தாய்மொழியைப் பேசினால் தண்டனை. அதை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015 இல் 94 பரிந்துரைகளை முன்வைத்தது. பள்ளி என்றாலே அஞ்சிய ஒரு சமூகத்துக்குப் பள்ளியின் வாசலை மறுபடி திறந்துவிட வேண்டிய கட்டாயத்தில்தான் அங்கே பூர்வகுடிக் கலை வகுப்பறைக்குள் வந்தது. அங்கே அது அழகுபடுத்தும் வேலையாகத் தொடங்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் பபுன்யா என்ற குடியிருப்பில் 1971 இல் நடந்தது இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டு. அங்கு ஆசிரியராக வந்த ஜெஃப்ரி பார்டன், பெரியவர்கள் மணலில் கோடிட்டுக் கதை சொல்வதைக் கவனித்தார். அந்தக் கோலங்களைப் பள்ளிச் சுவரில் வரையலாமே என்று ஊக்கினார். சமூகத்தின் பெரியவர்கள் கலந்து பேசி, காபா ஜம்பிஜின்பா முன்னின்று, தேன் எறும்பின் தொல்கதையைச் சுவரில் வரைந்தார்கள். முதலில் வந்த எறும்பு ஐரோப்பியப் பாடப்புத்தகத்து எறும்பு. அது தங்களுடையதல்ல என்று அதை மாற்றி, தங்கள் குறியீட்டில் மறுபடி வரைந்தார்கள். நம் கூடைக்காரி படம் அந்த முதல் எறும்பு போன்றது என்பது என் எண்ணம். அதைப் பிறகு பார்ப்போம்.

பபுன்யாக் கதைக்கு இரண்டு பின்குறிப்புகள் உண்டு. ஒன்று, அந்தச் சுவரோவியம் சில ஆண்டுகளிலேயே சாயம் பூசி மறைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதை வரைந்தவர்கள் 1972 இல் அமைத்த ஓவியர் கூட்டுறவு வளர்ந்து உலகப் புகழ் பெற்றது. சுவர் போய்விட்டது, வரைந்த கைகள் நிலைத்துவிட்டன. மற்றது, சடங்கில் பங்குபெற உரிமையுள்ளவர்கள் மட்டுமே பார்க்க வேண்டிய குறிகள் ஓவியங்களில் வெளிப்பட்டுவிட்டன என்று அண்டைச் சமூகங்கள் ஆட்சேபித்தன. அதன் பின்னர் ஓவியர்கள் அத்தகைய குறிகளைத் தவிர்த்தார்கள், அல்லது புள்ளிகளால் மூடினார்கள். எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதை அந்தக் கலையை உடையவர்களே முடிவு செய்தார்கள்.

தோட்டப் பாடசாலை ஏன் அந்நியமாக இருந்தது

கனடாவைப் போல இங்கே பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. இங்கே நடந்தது புறக்கணிப்பு. 1907 ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் வாழும் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் விட்டது. கொழுந்தெடுக்கக் கை தேவைப்படும் ஒருவரிடமே அந்தக் கைக்கு எழுத்தறிவிக்கும் வேலையும் போனது. பலன் என்னவாக இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். தடுப்பில்லாத ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக. தோட்டப் பாடசாலைகள் பெருமளவில் அரசின் கீழ் வரத் தொடங்கியது 1977 முதல்தான். நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கிடைத்து முப்பது ஆண்டு கழிந்திருந்தது.

அரச பாடசாலை ஆனபோது அதனுடன் தேசியப் பாடத்திட்டமும் வந்தது. தரம் 6 இலிருந்து பிள்ளை ஓர் அழகியற் பாடத்தைத் தெரிவு செய்ய வேண்டும்: சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும். தமிழ்மொழிப் பாடசாலையில் சங்கீதம் என்றால் கர்நாடகம், நடனம் என்றால் பரதம். இரண்டும் உயர்ந்த கலைகள்தான். ஆனால் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்த பிள்ளை பிறந்தது முதல் காதால் கேட்ட தாளமும் கண்ணால் கண்ட ஆட்டமும் வேறு. அவற்றைப் பாடசாலை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தமிழ்க் கூத்தைக் கல்விக்கூட மேடைக்குக் கொண்டுவந்த பெரும் முயற்சி நடந்தது மலைநாட்டில்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரை வரவழைத்து, மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கி மேடையேற்றினார். 1962 இல் கர்ணன் போர், 1964 இல் இராவணேசன். ஆடப்பட்டது மட்டக்களப்புக் கூத்து. மாசி வந்தால் தப்பு என்ற பறையின் சத்தம் கேட்கும் தோட்டங்கள் அங்கிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில்தான் இருந்தன.

அப்படியானால் மலையகக் கலை எது?

சுவரில் தொங்கவிடக்கூடிய பொருள் அதில் மிகக் குறைவு. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பத்தடி லயக் காம்பராவில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. நிலம் சொந்தமில்லை, 1948 இன் சட்டத்துக்குப் பின் பெரும்பாலோருக்குக் குடியுரிமையும் இல்லை. நாளை எங்கே இருப்போம் என்று தெரியாதவர்கள் சிற்பம் செதுக்கி வைப்பதில்லை. உடம்பிலும் குரலிலும் கொண்டுபோகக் கூடியதையே அவர்கள் காப்பாற்றினார்கள்.

முதன்மையானது காமன் கூத்து. மாசி அமாவாசைக்குப் பின் கம்பம் ஊன்றித் தொடங்கும். மன்மதனுக்கும் ரதிக்கும் திருமணம், சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுதல், ரதி தடுத்தல், நெற்றிக்கண்ணால் அவன் எரிதல், ரதியின் புலம்பல் என்று பல இரவுகள் போகும். எரிந்தவன் மீண்டும் எழுப்பப்படுவான். ஆட்டம் நடக்கும் வெளிக்குக் காமன் பொட்டல் என்று பெயர். ரதியாக ஆடுபவரும் மரபில் ஓர் ஆண்தான், விரதம் இருந்துதான் ஆடுவார். தோட்டமே நடிகர், தோட்டமே பார்வையாளர்.

அடுத்து அருச்சுனன் தபசு. உயர்ந்த தபசு மரத்தில் அருச்சுனனாக வேடமிட்டவர் பாடிக்கொண்டே ஏறுவார், கீழே சனம் அண்ணாந்து நிற்கும். பிறகு பொன்னர் சங்கர், கொங்கு நாட்டிலிருந்து கூடவே வந்த கதை. இவற்றுக்கு அப்பால் தாலாட்டும் ஒப்பாரியும் மலைப் பாட்டுகளும். கோப்பிக் கன்று நட்ட மலையைக் காட்டி, அங்கேதான் அண்ணனைப் பறிகொடுத்தேன் என்று பாடும் பாட்டு அவற்றில் ஒன்று. இந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் சி.வி. வேலுப்பிள்ளை.

தெய்வங்களிலும் ஊரிலிருந்து வந்தவை உண்டு, இங்கேயே பிறந்தவையும் உண்டு. தேயிலை ஸ்டோரின், அதாவது தொழிற்சாலையின், சக்கரத்துக்கு ரோதைமுனி. செடி வெட்டும் கவ்வாத்துக்குக் கவ்வாத்துச்சாமி. இயந்திரத்துக்கும் கத்திக்கும் சாமி வைத்து உடம்பைக் காத்துக்கொள்ளப் பார்த்த கற்பனை இது. ஒரு வரலாற்றுப் பாடம் இதற்குள்ளேயே கிடக்கிறது.

இப்போது சுவரில் சிரிக்கும் கூடைக்காரிக்கு வருவோம். அந்தப் படம் பிறந்தது தேயிலைப் பெட்டியின் மேலும் சுற்றுலா விளம்பரத்திலும். வாங்குகிறவரைப் பார்த்துத்தான் அவள் சிரிக்கிறாள். வகுப்பில் இருக்கும் பிள்ளையின் அம்மா இடுப்பில் படங்கு என்ற தடித்த விரிப்பைக் கட்டி, அட்டை ஏறாமல் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு, மழையில் இறங்கியவள். பாடசாலைச் சுவரில் பெட்டிக்காரியைப் பார்க்கும்போது பிள்ளைக்குக் கிடைக்கும் செய்தி 'உன் வீட்டை நாங்கள் அறிவோம்' என்பதல்ல, 'உன் வீடு வெளியாருக்கு இப்படித்தான் தெரியும்' என்பது. அம்மாவின் வேலையை வரையக் கூடாது என்று சொல்லவில்லை. அவளைத் தினம் பார்க்கும் பிள்ளை வரையட்டும். படங்கும் அட்டையும் தானாக வந்துவிடும்.

தப்பு: அருகில் நின்று பார்க்க வேண்டிய ஒன்று

மலையகக் கலையின் நடுவில் இருப்பது தப்பு. வட்டமான மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல். ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சி, மறுகையில் தடித்த குட்டைக் குச்சி. சாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாமி அழைக்க ஓர் அடி, காமனுக்கு ஓர் அடி. அடியைக் கேட்டே மேல் லயத்தில் என்ன நடக்கிறது என்று கீழ் லயத்துக்குத் தெரியும். பழைய தோட்டங்களில் விடியுமுன் ஆட்களை எழுப்பி, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு வரச் சொன்னதும் இதே தப்புதான். எசமானின் மணியாகவும் அது இருந்திருக்கிறது, கூலியாளின் கோயிலாகவும் இருந்திருக்கிறது.

மலைப்பனியில் தோல் தொய்ந்துவிடும். அடித்தால் ஈரச் சாக்கில் அடித்த சத்தம்தான் வரும். அதனால் ஆட்டத்துக்கு முன் மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிக் காய்ந்த தேயிலைக் குச்சி, குவித்துத் தீ மூட்டி, தப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். 'டொப்' என்று இருந்தது மெல்ல ஏறி 'டங்' என்று கணீரிடும்போது ஒருவர் தலையாட்டுவார், குச்சி இறங்கும். தோலின் இழுவிசை, ஈரப்பதன், வெப்பம், சுருதி என்று விஞ்ஞானப் பாடத்தின் ஓர் அலகையே இந்த நெருப்பருகில் நடத்தலாம்.

பாடசாலைக்குள் தப்பு வரத் தயங்குவதற்குக் காரணம் நெருப்பு அல்ல, சாதி. சாவு வீட்டில் தப்படிப்பது குறிப்பிட்ட சாதியாரின் கடமை என்று சுமத்தப்பட்ட வழக்கம் தோட்டங்களுக்கும் கப்பலேறி வந்தது. 'தப்படிக்கிறவன் மகன்' என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அதைத் தொட மறுப்பது நியாயமானது. மரபைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அந்தப் பிள்ளைகளையே அழைத்து, 'உனக்குத்தான் தெரியுமே, அடி' என்று ஓர் ஆசிரியர் சொன்னால், பாடசாலை அந்தப் பிள்ளையை வரவேற்கவில்லை. பழைய இடத்திலேயே மறுபடி நிற்க வைக்கிறது.

உள்ளே கொண்டுவரும் முறை

இதுவரை சொன்னவற்றிலிருந்து சில நடைமுறைகள் தெளிவாகின்றன.

1. தப்பு கற்பிப்பதானால் எல்லோருக்கும் கற்பிக்க வேண்டும். முதலில் குச்சி பிடிக்க வேண்டியவர்கள் அதிபரும் ஆசிரியர்களும். பெண்பிள்ளைகளும் சேர வேண்டும். தமிழ்நாட்டில் பெண்கள் பறை இசைக்கும் குழுக்கள் மேடையேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன, இதில் புதுமை எதுவும் இல்லை.

2. சடங்கும் கலையும் எங்கே பிரியும் என்பதைப் பொட்டலில் ஆடுகிறவர்களிடம் கேட்க வேண்டும். கம்பம் ஊன்றுவதும் விரதமும் வழிபாடு. தோட்டப் பாடசாலையில் கத்தோலிக்கப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் இருப்பார்கள். கம்பத்தைப் பாடசாலை முற்றத்தில் ஊன்றினால் அவர்களில் சிலருக்கு அந்த இடம் அந்நியமாகும். ஆட்ட அடவு, தாளம், பாட்டு, தலையில் அணியும் முடி செய்யும் கைவேலை ஆகியவை வரலாம். ரதியின் புலம்பலைப் பொட்டலுக்கு வெளியே பாடக்கூடாது என்று கூத்து வாத்தியார் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. பபுன்யாவின் புள்ளிகள் இதற்குத்தான்.

3. கூத்து வாத்தியார் ஆசிரியராக வர வேண்டும். பரிசளிப்பு விழாவில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது போதாது. வகுப்பில், நேரசூசியில், கரும்பலகைக்கு முன்னால் அவர் நிற்க வேண்டும். அவர் பிள்ளைகளில் ஒருவருக்குத் தாத்தாவாக இருக்கக்கூடும். கையெழுத்துப் போட மட்டும் பாடசாலைக்கு வந்த மனிதர் அங்கே கற்பிப்பதைப் பேரப்பிள்ளை பார்ப்பது எந்தச் சுவரோவியத்தாலும் செய்ய முடியாத காரியம். பாடசாலை என்பது வீட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் இடம் என்ற எண்ணம் உடைவது அப்போதுதான்.

4. நாடகமும் அரங்கியலும் பாடமாகக் கிடைக்கும் பாடசாலையில் இதற்குத் தனி அனுமதி தேடி அலைய வேண்டியதில்லை. கூத்து அங்கே ஏற்கெனவே பாடப்பொருள். எடுத்துக்காட்டை மட்டும் பக்கத்துப் பொட்டலிலிருந்து எடுத்தால் போதும்.

சுவர் வேண்டவே வேண்டாமா?

வேண்டும். ஆனால் மலைநாட்டுச் சுவரின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டில் பல மாதம் மழையும் மூடுபனியும். பழைய தோட்டக் கட்டடங்களின் கருங்கல் அடித்தளம் வழியாக ஈரம் மேலே ஏறும். அதன்மேல் பூசிய சாதாரணச் சாயம் இரண்டு மழைக்குள் கொப்புளித்துவிடும். மிக்கி மவுஸின் காதில் பாசி படர்ந்த சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அதனால் அழியும் என்று தெரிந்தே அழியும் கலையைத் தெரிவு செய்யலாம். லயத்து வாசலில் தினம் போடும் கோலம் மறுநாள் வரை இருப்பதில்லை, யாரும் வருந்துவதுமில்லை. பாடசாலை வாசலில் ஒவ்வொரு திங்களும் ஒரு வீட்டுக் கோலம், போட்டவர் பெயரோடு. சுவருக்கு எனில், கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழ் மழை படாத உட்சுவரில் ஒரு பலகை போதும். காமனின் முடியும் ரதியின் முடியும் அட்டையிலும் ஜரிகைத் தாளிலும் செய்யப்படுபவை. ஆண்டுதோறும் பிள்ளைகள் புதிதாகச் செய்து அங்கே மாட்டலாம். பழையதைச் செய்த பிள்ளை அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்.

ஒரு பேரின் கணக்கு

இதற்கெல்லாம் செலவு எவ்வளவு என்று கேட்கலாம். சாயமும் தூரிகையும் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் செலவு வேறோர் இடத்தில் விழுகிறது.

கூத்து வாத்தியார் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளி, அல்லது அன்றாடம் வெளியே கூலிக்குப் போகிறவர். பாடசாலை நடப்பது காலை ஏழரை முதல் ஒன்றரை வரை. அவர் கவ்வாத்து வெட்டுவதும் அதே நேரம்தான். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வரவுப் பதிவில், அன்று அவருக்குப் பேர் விழாது; ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். வேலை பாதியில் விட்டால் அரைப்பேர். மாதத்தில் நான்கு நாள் வகுப்பெடுத்தால் நான்கு பேர் போகும். சம்பளத்தில் அது தெரியும், அந்த மாதக் கடைக் கணக்கிலும் தெரியும்.

வெளியிலிருந்து வந்து கற்பிப்பவருக்கு வளவாளர் கொடுப்பனவு என்று ஒன்று திட்டங்களில் இருக்கும். அதைப் பெறச் சான்றிதழ் கேட்பார்கள். நாற்பது ஆண்டு ரதியாக ஆடியதற்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. வலயக் கல்வி அலுவலகம் அந்தக் கொடுப்பனவை அவர் பெயருக்கே எழுதலாம், அல்லது பாடசாலை அபிவிருத்திக் குழு தோட்ட நிர்வாகத்திடம் பேசி அந்த நான்கு நாளுக்கும் பேர் போட வைக்கலாம். இரண்டும் நடக்காத பாடசாலையில் ஒரு வழிதான் மிஞ்சும். மாசி இரவில் வகுப்பைப் பொட்டலுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போது மறுநாள் முதற்பாடத்தில் பாதி வகுப்பு தூங்கி விழும். வரவுப் பதிவேட்டில் அதை எப்படிக் குறிப்பது என்று வகுப்பாசிரியர் முன்கூட்டியே அதிபரிடம் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.